தொடாமல் டேப்லெட்டைச் சரிசெய்த பவுனம்மா

கல்யாண மண்டப முதலாளி தணிகாசலத்தின் டேப்லெட்டில் சார்ஜும் ஏறவில்லை, வைஃபையும் கிடைக்கவில்லை. சமையல்காரி பவுனம்மாதான் கெடுத்தாள் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

"நீயே சரிபண்ணு. ஆனா அதைத் தொடக்கூடாது. முடியலேன்னா வேலையை விட்டுப் போ."

பவுனம்மா நிதானமாகச் சொன்னாள்: "அப்ப ஐயாவே தொடுங்க. முதல்ல திரையில தெரியுற அந்த விமானப் படத்தை அமுக்கி அணைங்க."

அணைத்ததும் வைஃபை வந்தது.

"இப்ப சார்ஜர் சொருகுற ஓட்டையைப் பல்குத்தும் குச்சியால மெல்லச் சுரண்டுங்க."

சுரண்டினார். மஞ்சள் மஞ்சளாக லட்டுத்தூள் உதிர்ந்தது. சார்ஜும் ஏறியது.

பக்கத்தில் நின்ற மனைவி தூளை எடுத்து மோந்து பார்த்தாள். "சர்க்கரை வந்ததுலேருந்து இனிப்பையே விட்டுட்டேன்னீங்க?"

தணிகாசலம் அவசரமாக மீதித் தூளை ஊதித் தள்ளினார்.

"பவுனம்மா எங்கேயும் போகமாட்டா," என்றாள் மனைவி. "உங்களுக்கு மூணு வேளையும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்ச ஆள் வேணுமே."