முதல் போன் யாருக்கு?

ஒரு நாட்டில் மின்சாரம் முழுவதையும் ஒரே அறையிலிருந்து பங்கிட்டார்கள். அந்த அறைக்குத் தலைமை நாச்சியார். அவரிடம் வேலை பழகியவர் திருமேனி, குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் இரண்டு பக்கமும் மரியாதை கொஞ்சம் தூக்கல்.

அந்த வருஷம் மின்சாரத்துக்காக எரித்த நிலக்கரி குறைந்திருந்தது. புகையும் குறைந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்க வெளியே நிருபர்கள் காத்திருந்தார்கள். பேசப்போவது திருமேனி. புதுச்சட்டையில் வந்திருந்தார்.

“மேடம், ஒரு சந்தேகம். ‘குறைஞ்சது சரி, ஏன் இவ்வளவு மெதுவா?’ன்னு எவனாவது கேட்டா என்ன சொல்ல?”

நாச்சியார் திரையைக் காட்டினார். ஆடிக் காற்று. காற்றாலைகள் பேய் பிடித்தாற்போலச் சுழன்றன. மின்சாரம் தேவைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“முதல்ல இதை இறக்குங்க சார்.”

திருமேனி யோசிக்கவே இல்லை. போனை எடுத்தார். “காற்றாலையா? பாதியை நிறுத்துப்பா.”

“சரிங்க சார்.”

“முடிஞ்சது மேடம்.”

“ஏன் காற்றாலை?”

“அனல் நிலையத்துக் கொதிகலனைச் சட்டுனு அணைக்க முடியாதே!”

“அணைக்க வேண்டாம். இறக்கவுமா முடியாது?”

“முடியும்... இன்னிக்கு நல்லாவே இறக்கலாம்.”

“அப்புறம்?”

வாதத்தில் திருமேனியை மடக்க அந்த அறையில் ஆள் கிடையாது. இப்போது வாதத்துக்குப் பதில் உண்மை வந்துவிட்டது.

“அனல் நிலையத்துல இருக்கிற துரைக்கண்ணு சார் கத்துவார் மேடம். காற்றாலைக்காரன்னா ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் குனிந்துகொண்டார்கள்.

நாச்சியார் போனை அவர் பக்கம் நகர்த்தினார். ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

“துரைக்கண்ணு சார்... உற்பத்தியைக் கொஞ்சம் இறக்கணும்.”

“யாருய்யா நீ? கொதிகலன் என்ன உங்க வீட்டு கேஸ் அடுப்பா, திருகித் திருகி விளையாட? நாளைக்குக் காத்து நின்னா என் கால்லதான் வந்து விழுவே! அறிவிருக்கா?”

“இருக்கட்டும் சார். இறக்குங்க.”

இன்னும் நாலு வசவு. பிறகு அனல் மின்சாரம் திரையில் மெல்ல இறங்கியது. திருமேனி காற்றாலையைக் கூப்பிட்டார்.

“மறுபடி ஓட விடுப்பா.”

“சரிங்க சார்.” அதே பணிவு. துரைக்கண்ணுவின் வசவைவிட அது சுட்டது.

“இத்தனை பேர் முன்னால என்ன பேச்சு பேசிட்டார் மேடம்!”

“இந்தப் பேச்சைக் கேட்காம இருக்கத்தான் இத்தனை வருஷமா அவ்வளவு கரியை எரிச்சோம். நிருபருங்க நிக்கிறாங்க, போய்ச் சொல்லுங்க சார்.”