மழையில் இறுகிய பெட்டி

"குருவே, பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. உடைத்துவிடட்டுமா?"

ரிகுசோவின் கையில் அவரே செய்த ரகசியப் பெட்டி இருந்தது. ஹகோனே மலையில் செய்கிற வகை. பூட்டு கிடையாது, சாவி கிடையாது. பக்கத்துப் பலகைகளை உரிய வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால்தான் மூடி வழிவிடும்.

குரு ஓசெய் அவரைவிட வயதில் சிறியவள். பல நிற மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த பாளத்தை இழைத்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரக் கோலம் காகிதக் கனத்தில் சுருள் சுருளாக விழுந்தது. பெட்டிகளின் மேல் ஒட்டுவதற்கு.

"உள்ளே என்ன?"

"என் மனைவியின் சீப்பு. மகள் அதற்காக வந்திருக்கிறாள்."

மகள் கினு பட்டறை வாசலில் நின்றாள். தாய் இறந்த நாளிலிருந்து தகப்பனோடு பேச்சை விட்டவள். வைத்தியரை அவர் நேரத்துக்கு அழைத்து வரவில்லை என்று கோபம். அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். அன்றைக்கு அம்மாவின் சீப்பு தலையில் இருக்க வேண்டும். வாங்கியதும் போய்விடுவாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஓசெய் சுத்தியலை எடுத்து ரிகுசோவிடம் நீட்டினாள்.

அவர் திகைத்தார். "வேண்டாம் என்பீர்கள் என்று நினைத்தேன்."

"கேட்டீர்கள். கொடுத்தேன்."

ஓங்கினார். கை இறங்கவில்லை. பெட்டி உடையுமா, சீப்பு உடையுமா, யார் கண்டது?

"வேண்டாம்ப்பா."

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வந்த 'அப்பா'.

"பின்னே எப்படித் திறப்பது?"

ஓசெய் வெளியே கையைக் காட்டினாள். மழை பெய்துகொண்டிருந்தது.

"அதற்கு என்ன அர்த்தம்?"

"மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது. மழை விடட்டும்."

"எப்போது விடும்?"

"மழையைத்தான் கேட்க வேண்டும்."

கினு செருப்பைக் கழற்றினாள்.

மழை விடவில்லை. அப்பாவின் வீட்டிலேயே தங்கி அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். உப்பு வேண்டுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு மாலை அவள் சொன்னாள்: "அம்மா கஞ்சியில் இஞ்சி போடுவாள்."

"போடமாட்டாள். அது உன் பாட்டி."

அதில் தொடங்கிய சண்டை எங்கெங்கோ போய் வைத்தியரிடம் வந்து நின்றது.

"அன்றைக்குப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. சுற்றிப் போனேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா?"

அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இருவரும் அழுதார்கள்.

தினமும் காலையில் அவர் பெட்டியை எடுத்து, வரிசை தவறாமல் ஒவ்வொரு பலகையாக அழுத்திப் பார்ப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அசையாது. வருத்தப்பட வேண்டும். வருத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை.

ஒருவழியாக மழை விட்டது. மலைக்காற்று காய்ந்து வீசத் தொடங்கிச் சில நாள் ஆன பிறகு, ஒரு காலை, விரல் பட்டதும் பலகை வழுக்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. மூடி விலகியது.

உள்ளே சீப்பு இருந்தது.

வெளியே கினு துணி உலர்த்தியபடி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் மூடியைத் திரும்பத் தள்ளி மூடினார். பலகைகளைப் பழையபடி நகர்த்தி வைத்தார்.

"திறந்ததாப்பா?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள்.

"இல்லையம்மா. இன்னும் ஈரம் இருக்கிறது."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அன்று அவருக்கு வேலை ஓடவில்லை. பட்டறைக்குப் போய் குருவின் முன் மண்டியிட்டார்.

"குருவே, பெட்டி திறந்துவிட்டது. திறக்கவில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன். இது பொய்தானே? தப்புத்தானே? எனக்கு ஒன்றும் புரியவில்லை."

ஓசெய் ஒரு சீவலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நேற்று மாலை உங்கள் மகளும் இதையேதான் கேட்டாள்."