சுவரின் குளிர்ந்த பக்கம்

பெருந்துறைக்கு வெளியே, கம்பெனிகளின் வேலி முடிகிற இடத்தில், சுவர்களைச் சுட்டுப் பார்க்கிற கொட்டகை ஒன்று இருந்தது. கட்டடத்தில் எப்படிக் கட்டுவார்களோ அதே மாதிரி ஒரு சுவரைக் கட்டி, உலையின் வாயில் கதவு போல நிறுத்துவார்கள். அந்தப் பக்கம் தீ. இந்தப் பக்கம் ஆள். தீ இந்தப் பக்கம் வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டியது சுவர்.

கொட்டகையை நடத்தியவர் மரகதம். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். பேச்சு குறைவு. யாராவது சந்தேகம் கேட்டால் உலையை மூட்டச் சொல்வார். அதுதான் அவருடைய விளக்கம்.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் சென்னியப்பன் ஒரு விசித்திரம். டீச்சரைவிட வயதில் மூத்தவர். கலவைச் சட்டி சுமந்து, மேஸ்திரியாகி, கான்ட்ராக்டராகி, கடைசியில் சுவரில் குழாய் நுழைகிற ஓட்டைகளைத் தீ புகாதபடி அடைக்கிற தொழிலில் வந்து நின்றவர். படித்ததெல்லாம் அடிபட்டுப் படித்தது. சிமென்ட் கடையில் பேரம், லாரிக்காரரிடம் பேரம், கோயிலுக்குப் போனால் சாமியிடமும் பேரம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். டீச்சரிடம் வந்த பிறகு கோபத்தை விட்டுவிட்டதாக அவரே சொல்லிக்கொண்டார். வேறு யாரும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. சுவர் தேறியது என்று கையெழுத்துப் போடும் உரிமை. அந்தக் கொட்டகையில் அது டீச்சரின் கையில் மட்டும் இருந்தது.

ஒரு காலை நேரம் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், எத்தனை சுவத்தைச் சுட்டாச்சு. எனக்கு எப்பத்தான் கையெழுத்துக் குடுப்பீங்க?"

"எந்தச் சுவருக்கு அண்ணா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். காங்கேயத்தில் அவருடைய மச்சினன் நாச்சிமுத்து ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டியிருந்தான். ஜெனரேட்டர் அறைக்கும் பிறந்த குழந்தைகளைப் படுக்க வைக்கிற அறைக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஆக்சிஜன் போகிற செம்புக் குழாய். குழாயைச் சுற்றியிருந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தது சென்னியப்பனேதான். கையெழுத்து வந்தால் வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் திறப்பு விழா. வராவிட்டால் கதவில் பூட்டு.

"அடைச்சதும் நீங்க, தேறுச்சான்னு பார்க்கறதும் நீங்களா?" என்றார் டீச்சர்.

"என் வேலையை என்னைவிட யாருங்க நல்லாப் பாப்பாங்க?"

டீச்சர் தலையை ஆட்டினார்.

"சரி. பாருங்க."

சென்னியப்பனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இதற்குப் பதில் இது, அதற்குப் பதில் அது என்று வழியெல்லாம் வாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கேட்ட விலைக்கே சரக்கு கிடைத்துவிட்டால் வியாபாரிக்கு எங்கோ ஏமாந்த மாதிரி இருக்கும். அப்படி இருந்தது.

"அவ்வளவுதானுங்களா?"

"அதே சுவர், அதே குழாய், அதே அடைப்பு. அசல் மாதிரியே கட்டிக் கொண்டாங்க. ஒரு மணி நேரம் சுடலாம். எங்கே பார்க்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். முடிஞ்சதும் பேனா உங்க கையில."

சுவர் வந்தது. உலையின் வாயில் நின்றது. செம்புக் குழாய் அதன் நடுவில் நுழைந்து, இந்தப் பக்கம் ஒரு கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சூட்டை அளக்கிற கம்பிகளைக் குளிர்ந்த பக்கத்தில் ஒட்ட வேண்டும். யார் தீர்ப்புச் சொல்லப்போகிறாரோ அவர்தான் தன் கையால் ஒட்ட வேண்டும். கம்பி இருக்கிற இடத்தின் சூடு மட்டும், அது போய்ச் சேர்கிற அளவுப் பெட்டியில் எண்ணாகத் தெரியும். இல்லாத இடத்தைப் பற்றிப் பெட்டிக்குக் கவலை கிடையாது.

சென்னியப்பன் அடைப்பைச் சுற்றிப் பொட்டு வைத்த மாதிரி கம்பிகளை ஒட்டினார். அடைப்பும் சுவரும் சேர்கிற விளிம்பில் ஒட்டினார். அடைப்பும் குழாயும் சேர்கிற விளிம்பில் இன்னும் நெருக்கமாக ஒட்டினார். கடைசிக் கம்பியைக் குழாயின் மேல் கொண்டுபோனார். ஒரு கணம் யோசித்தார். திரும்பவும் அடைப்பிலேயே ஒட்டிவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. அதுவரை அவர் மல்லுக்கட்டியதெல்லாம் பிளாஸ்டிக் குழாயோடு. தீ பட்டதும் பிளாஸ்டிக் உருகிச் சொட்டிவிடும். குழாய் இருந்த இடம் வெறும் பொந்தாகும். பொந்து வழியாகத் தீ நாக்கை நீட்டும். ஆகவே சண்டையெல்லாம் ஓட்டையோடுதான். செம்பு அப்படியா? உருகாது, எரியாது. வம்புதும்புக்குப் போகாத நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைக்கு எதற்குக் காவல்?

"ஒட்டியாச்சுங்களா?" என்றார் டீச்சர்.

"ஆச்சுங்க. ஈ நுழைஞ்சாக்கூடத் தெரிஞ்சுரும்."

"சரி."

உலைக்காரர்கள் மூட்ட, உலை உறுமத் தொடங்கியது.

தகரக் கூரைக்குக் கீழே வெக்கை ஏறியது. சென்னியப்பன் தோளிலிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். முகத்தைத் துடைத்தார். ஈரத் துண்டை நாலாக மடித்து, நீட்டிக்கொண்டிருந்த குழாயின் மேல் போட்டார். கட்டட வேலையில் இருந்தவன் கை அப்படித்தான். எங்கே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே ஒரு துண்டு தொங்கும்.

தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டீச்சர் அதைப் பார்த்தார். சொன்ன சொல் தவறவில்லை. வாய் திறக்கவில்லை.

போன் அடித்தது.

"மச்சான், ஆச்சா?" நாச்சிமுத்து.

"எரியுது மாப்ள. என் அடைப்பு அசையல. நீ பந்தல்காரனுக்குச் சொல்லிரு."

அடைப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். கோழி முட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு இல்லை. புகை இல்லை. பெட்டியில் எண்கள் சோம்பேறித்தனமாக ஏறிக்கொண்டிருந்தன. அடைப்பின் விளிம்பில் எங்காவது சந்து விட்டிருக்கிறதா என்று அறிய, கம்பிச் சட்டத்தில் பஞ்சை வைத்து விளிம்போரம் காட்டுவார்கள். சந்து இருந்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும். சென்னியப்பன் காட்டினார். வெள்ளைப் பஞ்சு வெள்ளையாகவே திரும்பியது. அதை உயர்த்தி டீச்சருக்குக் காட்டினார், திருவிழாவில் பொம்மை ஜெயித்தவர் போல.

உலை தன் நேரத்தை முடிக்கப்போகிற சமயம், கருகல் வாசனை வந்தது.

சென்னியப்பன் அடைப்பை நோக்கிப் பாய்ந்தார். போச்சு, அடைப்பு போச்சு! குனிந்து பார்த்தார். எட்டிப் பார்த்தார். பஞ்சை மறுபடி காட்டினார். ஒன்றுமில்லை. பூசினது பூசின மாதிரியே இருந்தது. வாசனை மட்டும் கூடிக்கொண்டே போனது.

திரும்பினார்.

துண்டு எப்போதோ காய்ந்து போயிருந்தது. குழாயின் மேல் படிந்த மடிப்பு காப்பி நிறமாகி, கறுப்பாகி, அதன் நடுவில் சிவப்பாக ஒரு கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தார். மிதிக்கும்போதே அது இரண்டாகப் போனது.

உலை அணைந்தது.

"துண்டுதானுங்க. போனாப் போகுது," என்று சிரித்தார் சென்னியப்பன். டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், தீ இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?"

"வரலை."

"புகை?"

"வரலை."

"என் அடைப்பு?"

"நான் பார்த்ததிலேயே இதுதான் ஒசத்தி."

"அப்புறம் என்னங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணா."

டீச்சர் பேனாவை எடுத்து மேசையில் அவர் பக்கமாக வைத்தார்.

சென்னியப்பன் பேனாவைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். தொடுவதற்கு முன்பே சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில குழாய்மேல யாருங்க துண்டு போடப்போறா?"

"எனக்குத் தெரியாது. நீங்கதான் பார்த்தவர். அந்தச் சுவரோரம் என்ன வச்சிருக்காங்க?"

"பஞ்சும் துணியும் அடுக்கற அலமாரி. அதையொட்டி..."

"அதையொட்டி?"

"தொட்டிலுங்க."

அவருக்கு வேறு பக்கமாகக் கோபம் வந்தது.

"நான் துண்டைப் போடறப்பவே பார்த்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"எங்கே பார்க்கணும்னு முடிவு பண்ணினது நீங்க."

சென்னியப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் பழைய வியாபாரி திரும்பி வந்தார்.

"சரிங்க. இதுக்கு என்ன வைத்தியம்?"

"சுவருக்கு ரெண்டு பக்கமும் குழாய்மேல ராக்வூல், சூட்டைக் கடத்தாத கல்லுப் பஞ்சு, சுத்தணும். புதுசாச் சுவர் கட்டி, அதுலயும் அதே மாதிரி சுத்தி, மறுபடி சுடணும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"சுவர் காய வேண்டாமா?"

"ஒரு பக்கம் மட்டும் சுத்தினாப் பத்தாதுங்களா?"

"உலைகிட்டக் கேட்டுப் பார்க்கலாம்."

"அதுவும் நாளாகும். முதல்ல திறந்துட்டு, வெள்ளிக்கிழமை கழிச்சுச் சுத்திரலாமுங்களா? தீ என்ன நாள் பார்த்துக்கிட்டா வரும்?"

"வராதுதான்," என்றார் டீச்சர்.

சொன்னது தன் காதிலேயே எப்படி விழுந்தது என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

போன் மறுபடி அடித்தது. எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனார். விஷயத்தைப் பாதிதான் சொல்லியிருப்பார். அப்புறம் பேசியதெல்லாம் நாச்சிமுத்துதான். அவன் கத்தியது உள்ளே இருந்தவர்களுக்கே கேட்டது. "பத்திரிகை வச்சு ஊரையே கூப்புட்டாச்சு மச்சான்! ஒரு துண்டு கருகினதுக்கு என் மானத்தை வாங்குவீங்களா? சொந்தத்துக்கு இவ்வளவுதானா மரியாதை?"

"சரி மாப்ள... சரி மாப்ள..." என்றார் சென்னியப்பன். எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. குரலை உயர்த்தவில்லை. போனை வைத்துவிட்டு அமைதியாக உள்ளே வந்தார். மேசைக்கு வந்தார். பேனாவைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் வெடித்தார்.

"ஊரையே கூப்புட்டாச்சுங்க! ஒரு துண்டு கருகினதுக்கு மானத்தை வாங்கறீங்க! இத்தனை நாள் உங்க உலையில வெந்து கெடந்தேன், எனக்கு இவ்வளவுதானா மரியாதை? தீ வரலைன்னு உங்க வாயாலேயே சொன்னீங்கல்ல? அப்புறம் எதுக்கு என்னைப் போட்டு வறுக்கறீங்க?"

உலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர் கையிலிருந்த இடுக்கியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். டீச்சரை நோக்கி அந்தக் கொட்டகையில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

டீச்சர் அசையவில்லை. சென்னியப்பன் மூச்சு வாங்கி முடிக்கிற வரை பொறுத்திருந்தார்.

"அண்ணா, உங்க மச்சினர் காங்கேயத்துலதானே இருக்கார்?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அவர் இங்கே வரலை," என்றார் டீச்சர். "அவர் சூடு வந்துருச்சு."

சென்னியப்பன் குழாயைத் திரும்பிப் பார்த்தார்.

போன் மூன்றாம் முறையாக அடித்தது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு எடுத்தார். அந்த முனையில் கத்தி முடிக்கிற வரை காதில் வைத்துக் கேட்டார்.

"முகூர்த்தத்தை மாத்து மாப்ள," என்றார்.

போனை வைத்துவிட்டு, புதுச் சுவருக்கு அளவெடுக்கப் போனார்.