குருவனாற்றுக் கொக்கு தலையைத் திருப்பிய கதை

வேங்கைமலை நாட்டை இளவழுதி என்ற ராஜா ஆண்டு வந்தார். ரொம்பப் பழைய காலத்து ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். சபை கூடும், கட்டியம் கூறுவார்கள், சாமரம் வீசுவார்கள். அதோடு அரண்மனைக்கு ஓர் இணையதளமும் இருந்தது! அதைக் கவனிக்கிற வேலை பூவராகனுக்கு. அவருக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். அதனால் ராஜாவுக்கு அவரைப் பிடிக்கும். அதனாலேயே திவான் விருத்தகிரிக்குப் பிடிக்காது.

நாட்டின் குறுக்கே குருவனாறு ஓடுகிறது. மழைக்காலத்தில் அதன் குணத்தை நம்ப முடியாது. பூவராகன் கரையில் ஒரு கேமரா வைத்தார். ஓடக்காரர்கள் போனில் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஓடத்தை அவிழ்ப்பார்கள். ஆனால் மலைப்பக்கத்தில் சிக்னல் நூல் மாதிரி மெலிசு. பெரிய வீடியோ அதில் நுழையாது. ஊர் உலகத்து வல்லுநர்கள் பலர் சேர்ந்து, வீடியோவைச் சுருக்குவதற்கு ஒரு முறை செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டிருந்தார்கள். பூவராகன் அதைக் கொண்டு ஆற்றைக் கைப்பிடிக்குள் அடக்கி அனுப்பினார். பார்க்க யாரும் காசு தரவேண்டியதில்லை.

திவானின் மருமகனிடமும் ஒரு சுருக்கும் முறை இருந்தது. ஒவ்வொரு முறை வீடியோவைத் திறக்கும்போதும் கட்டணம். சும்மா கிடைக்கும்போது அதை யார் வாங்குவார்கள்? திவான் ராஜாவிடம் போனார்.

“மன்னா! வீடியோவைச் சுருக்குவதில் சூட்சுமம் என்ன? மாறாததைத் திரும்பச் சொல்லாமல் விடுவது. தெரிந்ததை மறுபடி சொல்லாமல் விடுவது. இது என் மருமகன் மூளையில் உதித்தது. யார் அப்படிச் சுருக்கினாலும் அவருக்குத்தான் கட்டணம் சேரவேண்டும்.”

ராஜாவுக்கு நல்ல பசி. உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. “சரி, விசாரித்து முடிக்கும்வரை அப்படியே நடக்கட்டும்” என்று திவான் நீட்டிய ஆணையில் முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை ஓடக்காரி செம்பாயி பூவராகன் வீட்டு வாசலில் நின்றாள். உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

“ஐயா, ஆத்தைப் பாக்கணும்னா காசு கேக்குது. எங்காளுங்க பாக்காமயே ஓடத்தை எடுத்துட்டாங்க. நடு ஆத்துல கவுந்துபோச்சு. நீந்தத் தெரிஞ்சதால தப்பிச்சோம். நாளைக்குப் பிள்ளை குட்டிங்க ஏறுவாங்களே?”

பூவராகன் போனை எடுத்துக்கொண்டார். நேரே சபைக்கு நடந்தார்.

ராஜா கேட்டார்: “பூவராகா, மாலையில் அக்கரைக் கோயிலுக்குப் போகிறேன். ஆறு எப்படி இருக்கிறது?”

பூவராகன் குனிந்து வணங்கினார். “வேங்கைமலைக்கு வேந்தரே! குருவனாற்றுக்குக் காவலரே! மூங்கில் கொடி உடையவரே! பகைவர் கனவில் வருபவரே! தேன்குன்றுக்குத் தலைவரே! பன்னிரு கணவாய்…”

“போதும், போதும். விஷயத்துக்கு வா.”

“கேமராவில் வந்த முதல் படம். இக்கரையில் மருதமரம். அக்கரையில் பாறை. நடுவில் தண்ணீர். பாறைமேல் ஒரு கொக்கு. இரண்டாவது படம். இக்கரையில் மருதமரம். அக்கரையில் பாறை. நடுவில் தண்ணீர். பாறைமேல் ஒரு கொக்கு. மூன்றாவது படம். இக்கரையில் மருதமரம்…”

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். சாமரம் வீசுகிறவனுக்குக் கொட்டாவி வந்தது. எத்தனையோ படம் கழித்துக் கொக்கு தலையைத் திருப்பியது.

“அடேய்!” ராஜா சிம்மாசனத்தைத் தட்டினார். “மரமும் பாறையும் எங்கே ஓடிவிடப் போகின்றன? கொக்கு திரும்பியது என்று மட்டும் சொன்னால் போதாதா?”

“போதும்தான். ஆனால் மாறாததைச் சொல்லாமல் விட்டால் அது திவானின் மருமகன் சொத்தாயிற்றே! தங்கள் முத்திரை இருக்கிறது. கட்டணம் கட்ட என்னிடம் காசில்லை.”

திவான் துள்ளி எழுந்தார். “மன்னா! இவன் வேண்டுமென்றே…”

“கொஞ்சம் பொறுங்கள், திவான் அவர்களே. ராஜாவை எப்படி அழைத்தீர்கள்?”

“மன்னா என்றுதான். ஏன்?”

“வேங்கைமலை வேந்தர் எங்கே போனார்? குருவனாற்றுக் காவலர் எங்கே? ராஜாவின் பட்டங்கள் அத்தனையும் மறந்துபோயிற்றா, இல்லை பிடிக்கவில்லையா?”

சபை சலசலத்தது. ராஜாவின் புருவம் உயர்ந்தது. திவான் பதறிப்போய்க் கைகூப்பினார்.

“ஐயையோ, மறக்கவில்லை! எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டேன். வாய் இருக்கிற எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது என்ன, ஒருத்தன் வீட்டுச் சொத்தா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார்.

“இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்” என்றார் பூவராகன். “அவரே சொல்லிவிட்டார். மருமகன் தன் முறைக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைக்கட்டும், பிடித்தவர்கள் வாங்கட்டும். பொதுவில் விட்டதற்கு அவர் பூட்டுப் போடக் கூடாது, அவ்வளவுதான். செம்பாயியின் ஓடம் இன்று காலை கவிழ்ந்தது, மன்னா.”

ராஜாவின் முகம் மாறியது. திவானிடமிருந்து ஆணையை வாங்கிக் கிழித்தார். “சுருக்குவது எல்லாருக்கும் பொது! இதுவே தீர்ப்பு. இப்போது ஆற்றைக் காட்டு.”

பூவராகன் போனை நீட்டினார். தண்ணீர் பாறையின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொக்கைக் காணவில்லை. ராஜா கோயில் பயணத்தை நிறுத்தினார். செம்பாயியின் ஆட்களும் அதே படத்தைப் பார்த்து ஓடங்களை இழுத்துக் கட்டினார்கள்.

பிறகுதான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பூவராகனுக்கு ஒரு பெரிய பொற்கிழி கொடுங்கள்!”

பூவராகன் நகரவில்லை. முகத்தில் கவலை.

“இன்னும் என்னப்பா?”

“சுருக்குவது எல்லாருக்கும் பொது என்று இப்போதுதான் தீர்ப்புச் சொன்னீர்கள். பொற்கிழியை எடுத்துத் தரப்போகிற கஜானா அதிகாரியும் அந்த எல்லாரில் ஒருவர்தானே, மன்னா?”