பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்

ஆளை அனுப்பினால் அவர் பெயரும் அன்றைக்கே அழிய வேண்டும். மேனேஜர் வரதராஜனின் சட்டம் அது. ஆபீஸ் ஃபைல்களுக்குத் தேடல் அமைத்துக் கொடுத்த தில்ஷாத்தை வேலையைவிட்டு அனுப்பிய கையோடு, சர்வரிலிருந்து அவள் பெயரையும் தூக்கினார். தேடலும் படுத்துவிட்டது. எதைத் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தாள். அது இல்லாமல் புது வேலையில் சேர முடியாது.

"டைரக்டர் வர்றதுக்குள்ள தேடலைச் சரிபண்ணு, தர்றேன். ஆனா உன் பேரு திரும்ப உள்ள வரக் கூடாது."

"என் பேர்ல நுழைஞ்சு ஃபைலையெல்லாம் படிச்சுத்தான் சார் தேடல் ஓடிச்சு. வேற யார் பேராவது குடுங்க. ஆனா அவங்க சொந்த ஃபைலும் தேடுற எல்லாருக்கும் தெரியும்."

"என் பேரையே போடு. எனக்கென்ன ஒளிவுமறைவு?"

போட்டாள். தேடல் எழுந்தது.

டைரக்டர் வந்து, சும்மா 'தேடல்' என்றே தட்டிப் பார்த்தார். முதலில் வந்தது வேறொரு கம்பெனிக்கு வரதராஜன் எழுதிய வேலை விண்ணப்பம். டைரக்டர் சத்தமாகவே படித்தார்: "இங்குள்ள தேடல் முழுவதும் நான் ஒருவனே அமைத்தது."



டைரக்டர் தில்ஷாத் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"அனுபவச் சான்றிதழ் சார்."

"என்னன்னு எழுதணும்?"

"சார் எழுதியிருக்கறதே சரியாத்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்திக்குங்க."