பாதிக் கஞ்சி

மடத்து ஆஸ்பத்திரியை நிர்வாகம் பண்ணுகிற சிற்றம்பலம், குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தபோதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இந்த நர்சுகளை எப்படித்தான் திருப்திப்படுத்துறது சாமி? சம்பளத்தை ஏத்தியாச்சு. ஹாஸ்டலுக்கு வாஷிங் மெஷின் போட்டாச்சு. நேத்து அவங்களுக்குன்னே விழா எடுத்தேன். கையில இருக்கிறதைப் போட்டுட்டு வாங்கன்னு வார்டிலிருந்து வரவழைச்சு, ஆளுக்கொரு சால்வை போத்தினேன். இன்னைக்கு ஹெட் நர்ஸ் எஸ்தர் ராணி வேலையை விட்டுப் போறேங்கிறாங்க. அவங்க போனா மத்தவங்களும் போயிடுவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“என்ன குறைன்னு கேட்டியா?”

“கேட்காம இருப்பேனா? ‘எடுத்த வேலையை முடிக்க விடுங்க சார்’ங்கிறாங்க. நான் எங்கே சாமி தடுத்தேன்?”

பக்கவாதம் வந்து அடுத்த அறையில் படுத்திருந்தார் மடத்துச் சமையற்காரர் தில்லைநாயகம். அவருக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம்.

“முதல்ல அவருக்கு ஊட்டிட்டு வா” என்றார் குரு.

இது வேறயா என்றிருந்தது சிற்றம்பலத்துக்கு. ஆனால் தலையைத் தாங்கிப் பிடித்து, ஒரு கரண்டி கொடுத்து, அது தொண்டையில் இறங்கும்வரை பார்த்திருந்து அடுத்த கரண்டி கொடுத்ததில் எரிச்சல் கொஞ்சம் தணிந்துபோயிற்று. அடுத்த கரண்டிக்குப் பெரியவர் தானாகவே வாயைத் திறந்தார்.

“சிற்றம்பலம், இங்கே வா” என்று கூப்பிட்டார் குரு.

போனார். “நோயாளிக்கு ஊட்டுறியே, பெரிய மனசுப்பா உனக்கு” என்று குரு ஒரு சால்வையைப் போர்த்தினார். போட்டோ எடுக்க ஆள் வரட்டும் என்று நிறுத்தியும் வைத்தார். ஆள் வந்து எடுத்து முடிப்பதற்குள் கஞ்சி ஆறிப்போய்விட்டது. சுட வைத்து எடுத்துவந்தால், பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்தார் சிற்றம்பலம்.

“சிற்றம்பலம், மாலை போட மறந்துட்டேன். வா.”

“இப்பத்தான் சாமி வாயைத் திறந்தார்.”

“கஞ்சி எங்கே ஓடிடப் போகுது? உனக்குத்தானே மரியாதை பண்றேன்.”

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“மாலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் சாமி. எடுத்த வேலையை முடிக்க விடுங்க.”

சொல்லிவிட்டு, தூக்கிய கரண்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

குரு மாலையைக் கீழே வைத்தார்.

“ஊட்டி முடி. அதுவரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். இதை எஸ்தர் ராணிகிட்டயும் போய்ச் சொல்லு.”