நீர்க்காகம் காத்து வாங்குற கதை

"குளிர் காயுதுன்னு நெனச்சீங்களா டீச்சர்? இல்ல. தீர்ப்பை நிறைவேத்திக்கிட்டிருக்கு."

கண்மாய் நடுவுல கருவேல மரத்துல ஒரு நீர்க்காகம் ரெண்டு ரெக்கையையும் விரிச்சுக்கிட்டு நின்னுச்சு. பறவைக் கணக்கெடுக்க வந்த ரெஜினா டீச்சர்தான் ஏன்னு கேட்டது. பதில் சொன்னவர் மடை திறக்குற சேவுகமூர்த்தி. அன்னைக்கு ஊருக்கு மீன்பிடி நாள். ஊர்ப் பெரியாம்பளை வெள்ளைத் துண்டை வீசுற வரைக்கும் யாரும் தண்ணியில கால் வைக்கக்கூடாது. வச்சா மீன்ல பங்கில்ல. கரை பூராம் வலையும் கூடையுமா சனம். சேவுகமூர்த்தி கொஞ்சம் தள்ளி நின்னு, வேட்டி நுனியைக் காத்துல பிடிச்சுக்கிட்டே சொன்னாரு.

அந்தக் காலத்துல, பறவைங்களுக்கும் பேச்சு இருந்தப்ப, இதே கட்டுப்பாடு அதுகளுக்கும் இருந்துச்சு. கொக்குதான் பெரியாம்பளை. அது வெள்ளைச் சிறகை வீசினாத்தான் இறங்கலாம். முந்தி இறங்கினா ஆயுசுக்கும் அந்தக் கண்மாய் கிடையாது.

அந்த வருஷம் கொக்கு நல்ல நேரம் பாத்துச்சு, பாத்துச்சு, மூணு நாள் பாத்துச்சு. நீர்க்காகத்துக்குக் கூட்டுல மூணு குஞ்சு. பசியில கத்திக்கிட்டே கிடந்ததுக, நாலாம் நாள் காலையில கத்துறதை நிறுத்திருச்சுக. அதுலதான் நீர்க்காகம் பயந்துபோச்சு.

அப்பெல்லாம் அதுக்கும் வாத்து மாதிரி எண்ணெய்ச் சிறகு. முங்கினா மேல தூக்கிவிட்டுரும், சத்தம் கேட்டுரும். அதனால, நாம தலைக்குத் தேய்க்கிற மாதிரி, கரம்பை மண்ணுல புரண்டு எண்ணெயெல்லாத்தையும் எடுத்துருச்சு. சத்தமில்லாம முங்குச்சு. ஒரு விரால். குஞ்சுகளுக்குக் கொடுத்துட்டுத் திரும்பிப் பாத்தா, கரையில அத்தனை பேரும் காஞ்சிருக்காங்க, இது மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்கு. கொக்கு வேற வருது. சட்டுனு ரெக்கையை விரிச்சுச்சு.

"என்னப்பா இது கோலம்?"

"காத்து வாங்குறேண்ணே."

"வாங்கு, வாங்கு. சொட்டுறது என்ன?"

"வேர்வைண்ணே."

"எங்களுக்கு வேர்க்கலையே மாப்ளே!"ன்னுச்சு வாத்து. கரையே சிரிச்சுச்சு.

கொக்கு சிரிக்கல. கூட்டை எட்டிப் பாத்துச்சு. ஒரு குஞ்சு வாயில இன்னும் விரால் வால் தொங்குது. வெளியேத்தினா மூணும் செத்துரும். கொஞ்ச நேரம் ஒத்தக் கால்ல நின்னு யோசிச்சுச்சு.

"மூணு நாள் நேரம் பாத்தது என் தப்பு. நீ எங்கயும் போக வேணாம். ஆனா முங்கி எந்திரிச்சா, ஊரே பாக்க இப்படி நிக்கணும். காஞ்ச பிறகுதான் மறுபடி இறங்கணும்."

கரம்பையில போன எண்ணெய் திரும்பி ஊறவே இல்ல. அன்னைக்கு விரிச்ச ரெக்கையைத்தான் டீச்சர், அது இன்னைக்கும் காயவச்சுக்கிட்டிருக்கு.

"காஞ்சதும்?"

"மறுபடி முங்கும். குஞ்சு பசிக்கும்ல."

"யோவ் சேவுகமூர்த்தி!" கரையிலிருந்து பெரியாம்பளை கத்தினாரு. "நான் இன்னும் துண்டே வீசல. உன் வேட்டி எப்படிய்யா நனைஞ்சுச்சு? இங்க வா!"

சேவுகமூர்த்தி வேட்டியை மெதுவா இறக்கிவிட்டாரு.

"காத்து வாங்கிக்கிட்டிருந்தேண்ணே"ன்னு சொல்லிக்கிட்டே கரையைப் பாக்க நடந்தாரு.